நாட்குறிப்புச் செயலியின் இலக்கணம்

முன்னுரை

காண்பனவும் கேட்பனவும் நெஞ்சில் நெடுநாள் நிற்பதில்லை. நேற்று வகுப்பில் ஆசிரியர் விளக்கிய நயம், சென்ற வாரம் கைமாற்றாகக் கொடுத்த தொகை, பாட்டியார் வாயிலிருந்து தற்செயலாக வந்து விழுந்த பழஞ்சொல் ஆகிய யாவும் எழுதி வைத்தாலன்றி நழுவிப் போகின்றன. இம்மறதிக்கு மருந்தாக முன்னோர்க்குப் பனையோலையும் தாளும் உதவின. இந்நாளில் மாணவர் பலருக்குக் கைப்பேசியே ஏடாகவும் எழுதுகோலாகவும் அமைந்துவிட்டது. குறிப்பெழுதுவதற்கென்றே செயலிகள் பல கிடைக்கின்றன. படம் ஒட்டுதல், வண்ணம் தீட்டுதல், குரலைப் பதிதல், அட்டவணை வரைதல் என அவை காட்டும் வசதிகள் எண்ணிலடங்கா.

ஆயினும், நாள்தோறும் நான்கு வரி எழுத விரும்புவார்க்கு இவற்றுள் எவை தேவை, எவை வேண்டாதவை என்னும் வினா எழுகின்றது. எழுதும் பொழுது கிடைக்கும் வசதியை மட்டும் கொண்டு இதற்கு விடை கூறுதல் இயலாது. எழுதிய குறிப்பு இருபது ஆண்டு கழிந்த பின்னும் எழுதியவர் கையில் இருக்குமா, படிக்கக் கூடியதாக இருக்குமா, தேடினால் கிடைக்குமா என்பனவே உரிய அளவுகோல்கள். இவற்றைக் கொண்டு எளிய நாட்குறிப்புச் செயலி ஒன்றுக்கு இன்றியமையாத இயல்புகளை ஈண்டுக் காண்போம்.

முன்னோர் காட்டிய நெறி

நாள்வாரியாகக் குறிப்பெழுதும் வழக்கம் இக்காலத்தார் கண்டது அன்று. பதினோராம் நூற்றாண்டில் பக்தாது நகரில் வாழ்ந்த ஹன்பலி மத்ஹபு அறிஞர் அபூ அலீ இப்னுல் பன்னா தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி நமக்குக் கிடைத்துள்ளது. ஹிஜ்ரி 460, 461ஆம் ஆண்டுகளுக்கு, அதாவது கி.பி. 1068, 1069ஆம் ஆண்டுகளுக்கு உரியது அது. நகரில் நிகழ்ந்த இறப்புகள், அறிஞர்களிடையே எழுந்த பூசல்கள், தாம் கேட்ட கனவுகள் ஆகியவற்றை அவர் நாளிட்டுக் குறித்துள்ளார். திமிஷ்கு நகரில் இருந்த அக்கைப்பிரதியை ஜார்ஜ் மக்திசி என்னும் ஆய்வாளர் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பதிப்பித்து வெளியிட்டார்.

தமிழில் இத்துறைக்குப் பெரும்பேரெல்லையாக விளங்குபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. ஆளுநர் தூய்ப்ளேயின் துபாஷாகப் பணியாற்றிய அவர் 1736ஆம் ஆண்டு தொடங்கி, 1761ஆம் ஆண்டு சனவரியில் தாம் மறையும் காலம்வரை எழுதினார். கப்பல்களின் வரவு, துணி வாணிகம், போர்ச் செய்தி, அரண்மனைப் பேச்சு என அனைத்தும் அதில் இடம்பெற்றன. 1846இல் கண்டெடுக்கப்பட்ட அக்குறிப்புகள், 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னை அரசால் வெளியிடப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதனை நாடுகின்றனர்.

இவ்விருவர்க்கும் வாய்த்த கருவி தாளும் மையும் மட்டுமே. அவர்தம் குறிப்புகள் நிலைத்தமைக்குக் காரணங்கள் மூன்று. ஒவ்வொரு குறிப்பும் நாளிடப் பெற்றிருந்தது. எழுத்தறிந்த எவரும் படிக்கத்தக்கதாக இருந்தது. தாள் எவர் கையிலும் மாறிச் செல்லத்தக்கதாக இருந்தது. நல்ல செயலியின் இலக்கணமும் இம்மூன்றினின்றே பிறக்கின்றது.

இயல்பு ஒன்று: இன்றைய ஏடு தானே திறத்தல்

செயலியைத் தொட்டவுடன் இன்றைய நாளிட்ட வெற்றுப் பக்கம் திறக்க வேண்டும். எந்தத் தொகுப்பில் எழுதுவது, என்ன தலைப்பிடுவது, எந்த வடிவத்தைத் தேர்வது என்று செயலி கேட்கத் தொடங்கினால், எழுத வந்த செய்தி அதற்குள் மறந்துபோகும். பேருந்தில் நின்றுகொண்டிருக்கும் மாணவனும் அடுக்களையில் இருக்கும் தாயும் ஒரு கையால் எழுதுவர். அவர்க்கு ஒரே தொடுகையில் ஏடு திறத்தல் வேண்டும். முன்னாள் பக்கத்துக்கும் மறுநாள் பக்கத்துக்கும் செல்ல இரு குறிகள் இருப்பின் போதும்.

இயல்பு இரண்டு: நாளும் பிறையும்

நாளைக் குறிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. 14-03-2025 என நாளை முன்வைத்துக் கோப்புக்குப் பெயரிட்டால், கணினி வரிசைப்படுத்தும் பொழுது எல்லா மாதத்துப் பதினான்காம் நாள்களும் ஓரிடத்தில் குவிந்துவிடும். 2025-03-14 என ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் எழுதினால், பெயர் வரிசையே கால வரிசையாக அமையும். 1988இல் முதன்முதல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரம் இம்முறையையே விதிக்கின்றது. வருடப் பெயரை முதலில் கூறிப் பின்னர் மாதமும் தேதியும் எழுதும் நம் பழைய ஆவண வழக்கும் இதனோடு ஒத்திருத்தல் கண்டு மகிழத்தக்கது.

முஸ்லிம் இல்லங்களில் ஹிஜ்ரி நாளும் தேவைப்படுகின்றது. ஜகாத்தின் ஆண்டு பிறைக் கணக்கிலேயே நிறைவுறும். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்கள். ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆகவே 32 ஆங்கில ஆண்டுகள் கழிவதற்குள் ஏறக்குறைய 33 ஹிஜ்ரி ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஆங்கில நாட்காட்டியை மட்டும் நோக்கி ஜகாத் கணக்கிடுபவர்க்கு அக்கால அளவில் ஓராண்டு ஜகாத் விடுபட்டுப்போகும். வறியோர்க்குரிய பங்கு நாட்காட்டியின் பிழையால் குறைதல் தகுமா? இத்தா போன்ற கால வரையறைகளுக்கும் பிறைக் கணக்கே உரியது.

எனினும், கைப்பேசி காட்டும் ஹிஜ்ரி நாளை அப்படியே நம்புதல் கூடாது. பல செயலிகள் சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாட்காட்டியையோ வேறு கணக்கீட்டையோ பின்பற்றுகின்றன. நம் ஊரில் பிறை பார்த்து அறிவிக்கப்படும் நாள் அதனின்று ஒரு நாள் வேறுபடலாம். மேலும், ஹிஜ்ரி நாள் கதிரவன் மறைவில் தொடங்குவது. மஃரிபுக்குப் பின் எழுதும் குறிப்புக்கு ஆங்கில நாள் மாறாதிருக்க, ஹிஜ்ரி நாள் மாறிவிடுகின்றது. எனவே ஒரு நாள் முன்பின்னாகத் திருத்திக்கொள்ளும் வசதி செயலியில் இருத்தல் வேண்டும். அவ்வசதி இல்லாத செயலியாயின், பிறை நாளை நாமே கையால் எழுதிக்கொள்வது நன்று.

இயல்பு மூன்று: வெற்றுரை

தமிழாசிரியர்க்கு இவ்வியல்பின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990களில் கணினியில் தட்டெழுதப்பட்ட தமிழ்க் கட்டுரைகளும் மலர்களும் வெவ்வேறு நிறுவனத்தார் அமைத்த எழுத்துருக்களுக்கு ஏற்ப வெவ்வேறு குறியீடுகளில் சேமிக்கப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கலவையாகக் காட்சியளிக்கும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்கள் வகுக்கப்பட்டன. 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தபோதிலும், அது பரவலாக வழங்கப் பல்லாண்டுகள் ஆயின. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவானது. ஒரு நிறுவனத்தின் நிரலால் மட்டுமே திறக்கத்தக்க கோப்பு, அந்நிறுவனத்தோடு மறையும். ஒருங்குறியில் அமைந்த வெற்றுரைக் கோப்பையோ எந்தக் கணினியிலும் எளிய நிரல் கொண்டு திறந்து படிக்கலாம். எழுத்தின் பருமன், வண்ணம், அலங்காரம் எதுவுமின்றி எழுத்துகளை மட்டும் வரிசையாகக் கொண்டிருப்பதே வெற்றுரையாகும்.

வெற்றுரை எடுத்துக்கொள்ளும் இடமும் சிறிது. பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு இடம் வேண்டும். ‘அம்மா’ என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள் உள்ளமையால் அது 15 பைட்டு ஆகும். நாளொன்றுக்கு ஆயிரம் குறிகள், அதாவது ஏறத்தாழ நூறு சொற்கள், எழுதினால் 3,000 பைட்டு. ஓராண்டுக்கு ஏறக்குறைய 11 இலட்சம் பைட்டு. அந்நாளில் நாம் பயன்படுத்திய 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டு ஒன்றில் ஓராண்டு நாட்குறிப்பு முழுவதும் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றே பெரும்பாலும் இதனினும் மிகுதியான இடத்தைக் கவர்கின்றது.

இயல்பு நான்கு: தமிழறிந்த தேடல்

எழுதியதைத் தேடி எடுக்க இயலாவிடின் எழுதிய பயன் குறைந்துபோகும். ஆங்கிலத்துக்கு அமைந்த தேடல் தமிழுக்கு முற்றும் பொருந்துவதில்லை. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்பன கிட்டா. வேற்றுமை ஏற்கையில் மகரம் கெட்டு அத்துச்சாரியை தோன்றிவிடுகின்றது. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டை’ கிட்டாது. அங்கே டகர ஒற்று இரட்டிக்கின்றது. சொல்லின் முற்பகுதியை மட்டும் கொண்டு தேடும் வசதி செயலியில் இருந்தால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். ‘மர’ என்றும் ‘வீட’ என்றும் இட்டுத் தேடினால் உருபேற்ற வடிவங்களும் கிடைக்கும். வீடணன் பெயரும் உடன்வரக் கூடும். அது பொறுக்கத்தக்க தொல்லையே.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி இருவகையில் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகக் கொள்வது ஒருவகை. ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறிகளாகக் கொள்வது பிறிதொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் நெறியை ஒருங்குறி வகுத்திருப்பினும், அதனைக் கடைப்பிடிக்காத செயலியில் ‘கொடை’ என்று தேடினால், ஏட்டில் இருக்கும் கொடையே இல்லை என்று விடை வரலாம். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும்.

அரபுச் சொற்களைத் தமிழில் எழுதுகையில் நாமே ஏற்படுத்திக்கொள்ளும் சிக்கல் இன்னொன்று. ஜகாத், ஸகாத், ஜக்காத் எனவும், முஹம்மது, முகம்மது, முகமது எனவும் பலவாறு எழுதுகின்றோம். எந்தச் செயலியும் இவற்றை ஒன்றென அறியாது. ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதனையே என்றும் எழுதிவருதல் நலம். அவ்வாறே, வரியின் தொடக்கத்தில் ‘கடன்’, ‘சொல்’, ‘பாடம்’ என ஒரு சொல்லை அடையாளமாக இட்டுவந்தால், தனியே வகைப்பாட்டு வசதி எதுவும் வேண்டுவதில்லை. ஆண்டு முடிவில் ‘சொல்’ என்று தேடினால், முதியோர் வாயிலாகக் கேட்டறிந்த வட்டார வழக்குகள் யாவும் ஒரு சிறு அகராதியாக முன்வந்து நிற்கும்.

இயல்பு ஐந்து: பூட்டும் திறவுகோலும்

நாட்குறிப்பு அந்தரங்கமானது. பிறர் நம்மிடம் நம்பிச் சொன்னவையும் அதில் இடம்பெறும்; அவை அமானிதம் ஆகும். எனவே இணைய இணைப்பின்றியே செயலி இயங்கவும், எழுதியவர் விரும்பினாலன்றிக் குறிப்புகள் வேறோரிடத்துக்குச் செல்லாதிருக்கவும் வேண்டும். கடவுச்சொல்லால் பூட்டும் வசதியும் தேவை.

ஆயினும் பூட்டு ஒன்றே போதுமா என்பதைச் சமுதாயப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமறையின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணையிட்டுக் கொடுக்கும் கடனை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை அமைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கின்றது. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் பட்ட கடனும் செய்த வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். ஒருவர் தம் கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் கைப்பேசியில் முறையாக எழுதி, வலிய பூட்டால் பூட்டி வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். அவர் திடீரென மறைந்தால் வாரிசுகள் அதனை எவ்வாறு அறிவர்? முழுமையாக மறைகுறியாக்கம் செய்யும் செயலிகளில் கடவுச்சொல் தொலைந்தால், அதனை ஆக்கிய நிறுவனத்தாராலும் திறக்க இயலாது. கடன் கொடுத்தவரின் உரிமை அப்பூட்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். இறந்தவரின் பொறுப்பும் தீராது நிற்கும்.

ஆதலின் ‘கடன்’ என்று குறித்த வரிகளை மட்டும் தனியே எடுத்துத் தாளில் அச்சிடும் வசதி செயலியில் இருத்தல் நன்று. அத்தாளில் ஒப்பமிட்டுச் சாட்சியரிடமும் ஒப்பம் பெற்று, வீட்டில் நம்பத்தக்க ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். கைப்பேசிக் குறிப்பு நினைவுக்குத் துணையாகுமே தவிர, சாட்சியோடு கூடிய ஆவணத்தின் இடத்தை நிரப்பாது.

இயல்பு ஆறு: படியெடுத்தலும் வெளிக்கொணர்தலும்

உலகம் சுற்றிய இப்னு பதூதா, புகாரா நகரில் அறிஞர்தம் அடக்கத்தலங்களில் பொறித்திருந்தவற்றை எழுதி வைத்திருந்தார். மதுரை சுல்தானியத்துக்கு வந்து சென்றபின், மேலைக் கடற்கரையை ஒட்டிக் கப்பலில் செல்கையில் கொள்ளையர் அவர் உடைமைகளைக் கவர்ந்தனர், அக்குறிப்புகளும் உடன்போயின. 1355ஆம் ஆண்டு நிறைவுற்ற அவர்தம் பயணநூலில் அவரே இவ்விழப்பைக் கூறுகின்றார். படி ஒன்றே இருந்தமையால் நேர்ந்த இழப்பு இது. நீரில் விழுந்த கைப்பேசியும், பேருந்தில் களவுபோன கைப்பேசியும் இன்று நம்மை அந்நிலைக்கே ஆளாக்குகின்றன.

நிறுவனத்தின் கணினியில் குறிப்புகள் இருக்கின்றன என்று வாளாவிருத்தலும் ஆகாது. கூகுள் நிறுவனம் 2006இல் தொடங்கிய ‘நோட்புக்’ என்னும் குறிப்பேட்டுச் சேவையை 2012இல் மூடிவிட்டது. குறிப்புகளை அந்நிறுவனமே தன் வேறொரு சேவைக்கு மாற்றித் தந்தமையால் பயன்படுத்தியோர் பிழைத்தனர். பெரிதும் புகழ்பெற்ற எவர்நோட் செயலி 2023 டிசம்பரில், கட்டணம் செலுத்தாதோர்க்கு 50 குறிப்புகள் என்னும் வரம்பை விதித்தது. முன்னர் எழுதியவை அழிக்கப்படவில்லை எனினும், வரம்பைக் கடந்தோர் கட்டணமின்றிப் புதிய குறிப்பு எழுத வழியில்லாது போயிற்று. வாணிக நிறுவனம் தன் வரவு செலவை நோக்கி நடத்தல் இயல்பே. எழுதுவோர்தாம் தம் உடைமையைக் காத்துக்கொள்ளல் வேண்டும்.

எல்லாக் குறிப்புகளையும் ஒரே முயற்சியில் வெற்றுரைக் கோப்புகளாக வெளியே எடுக்கும் வசதி இதற்கு இன்றியமையாதது. மாதந்தோறும் அவ்வாறு எடுத்து, ஒரு படியைக் கணினியிலும் மற்றொரு படியை வேறோரிடத்தில் உள்ள நினைவகத்திலும் வைத்தல் வேண்டும்.

வேண்டாதன

நாள் தவறாது எழுதியமைக்குப் பதக்கம் வழங்குதல், ஒரு நாள் தவறினால் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குதல், பலவகை எழுத்துருக்கள், விளம்பரம் ஆகியன எளிய செயலிக்கு வேண்டா. இவை எழுதுவாரின் கவனத்தைக் குறிப்பினின்று செயலியின்பால் ஈர்க்கின்றன. நோயுற்ற நாளில் எழுதாமை குற்றமன்று. மறுநாள் ஏடு திறந்திருந்தால் போதும்.

செயலியைச் சோதிக்கும் முறை

புதிய செயலியில் நெடுநாள் எழுதுமுன் ஒரு மணி நேரம் செலவிட்டு நான்கு சோதனைகளைச் செய்யலாம். முதலாவதாக, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுதிப் பார்த்தல். இரண்டாவதாக, ‘கொடை’, ‘மரத்தை’, ‘வீட்டில்’ ஆகிய சொற்களை எழுதி அவற்றைத் தேடிப் பார்த்தல். மூன்றாவதாக, குறிப்புகளை வெளியே எடுத்து வேறொரு கணினியில் திறந்து படித்தல். நான்காவதாக, செயலியை நீக்கி மீண்டும் நிறுவி, எடுத்து வைத்த படியிலிருந்து குறிப்புகளை மீட்டல். இந்நான்கிலும் தேறிய செயலியே நம்பத்தக்கது.

தனிச் செயலி ஏதுமின்றியும் நாட்குறிப்பு எழுத வழி உண்டு. விண்டோஸ் கணினிகளுடன் வரும் நோட்பேடு என்னும் எளிய நிரலில் ஒரு கோப்பைத் தொடங்கி, முதல் வரியில் ஒரு புள்ளியையும் அதனையடுத்து இடைவெளியின்றி எல், ஓ, ஜி என்னும் மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் இட்டுச் சேமித்தால், அதன்பின் அக்கோப்பைத் திறக்குந்தோறும் நாளும் நேரமும் இறுதியில் தாமே பதியும். சேமிக்கும் பொழுது யுடிஎஃப்-8 முறையைத் தேர்தல் வேண்டும். பழைய ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும்.

முடிவுரை

தானே திறக்கும் ஏடு, திருத்தத்தக்க நாட்காட்டி, வெற்றுரை, தமிழறிந்த தேடல், வாரிசுகளை மறவாத பூட்டு, எளிதில் படியெடுத்தல் ஆகிய ஆறும் நாட்குறிப்புச் செயலிக்கு உரிய இலக்கணம் எனக் கண்டோம். தமிழறிந்த நிரலாளர் இவற்றை மனத்திற்கொண்டு செயலி அமைப்பாராயின் அது பெருந்தொண்டாகும். கணினித் துறை மாணவரும் தமிழ்த் துறை மாணவரும் ஒன்றுகூடின் கல்லூரியளவிலேயே இதனைச் செய்து முடிக்கலாம். அதுவரை, கையிலுள்ள கருவியைக் கொண்டே இன்று ஒரு வரியாவது எழுதத் தொடங்குதல் நலம். பாட்டியார் சொன்ன சொல்லும், அண்டை வீட்டார்க்குத் தர வேண்டிய பணமும் செயலி அமையும்வரை காத்திரா.